29 பாடல்களுக்குள் அடங்காத குளிர்காலம்: ஷிராகவா-கோவின் பருவங்கள் குறித்து

(நீண்ட பதிவு. வரலாறு, மொழியியல், சூழலியல் மாணவர்கள் பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன்.)

ஜப்பானில் அரசவை ஆணையால் தொகுக்கப்பட்ட முதல் கவிதைத் தொகைநூல் 'கொகின்ஷூ'. காலம் ஏறத்தாழ கி.பி. 905. இருபது சுருள்களில் முதல் ஆறும் பருவங்களுக்குரியவை: வசந்தத்துக்கு இரண்டு, கோடைக்கு ஒன்று, இலையுதிர்காலத்துக்கு இரண்டு, குளிர்காலத்துக்கு ஒன்று. பாடல்களை எண்ணினால் வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். வசந்தம் 134, கோடை 34, இலையுதிர்காலம் 145, குளிர்காலம் 29. பருவப்பாடல்களில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் குளிர்காலம் பெறவில்லை.

ஜப்பானிய மொழி வகுப்புகளில் தொடக்க நாள்களிலேயே பயிற்றுவிக்கப்படும் வாக்கியங்களுள் 'ஜப்பானில் நான்கு பருவங்கள் உள்ளன' என்பதும் ஒன்று. தில்லியில் அம்மொழி பயிலும் நண்பர்கள் பலர் அதைச் சற்றே புன்னகையோடு ஒப்பிப்பதைக் கேட்டிருக்கிறேன். எந்த நாட்டில்தான் பருவங்கள் இல்லை என்ற கேள்வி இயல்பாகவே எழும். ஆனால் அவ்வாக்கியம் தட்பவெப்பம் பற்றியதன்று. பண்பாட்டுத் தன்னடையாளம் பற்றியது. ஹருவோ ஷிரானே 2012 இல் வெளியிட்ட 'ஜப்பானும் நான்கு பருவங்களின் பண்பாடும்' என்னும் நூலில் இதை விரிவாக நிறுவுகிறார். அவர் பார்வையில், ஜப்பானியர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர் என்று நாம் பொதுவாகக் கருதுவது, பெரும்பாலும் கியோத்தோ அரசவையினர் தோட்டத்திலும் திரைச்சீலையிலும் கவிதையிலும் உருவாக்கிக்கொண்ட 'இரண்டாம் நிலை இயற்கை'. மலைகளால் சூழப்பட்ட ஒரு நகரப் பள்ளத்தாக்கின் வானிலை ஒரு நாட்டின் இலக்கணமாயிற்று.

இந்த இலக்கணத்துக்கு வெளியே இருந்த ஓர் ஊரின் ஆண்டு எவ்வாறு பகுக்கப்பட்டிருந்தது என்பதே இங்கு என் கேள்வி. அதற்கு ஷிராகவா-கோ, கொகாயாமா என்னும் இரு மலைப்பகுதிகளை எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் ஷோ ஆற்றின் பள்ளத்தாக்கில் அடுத்தடுத்து அமைந்தவை. முன்னது பழைய ஹிதா மாநிலத்தைச் சேர்ந்தது, இன்றைய கிஃபு மாவட்டம். பின்னது எச்சூ மாநிலத்தைச் சேர்ந்தது, இன்றைய தோயாமா மாவட்டம். எதோ காலம் முழுவதும் மயெதா குடியினரின் காகா அரசுக்கு உட்பட்டிருந்தது. ஒகிமாச்சி, அயினோகுரா, சுகனுமா ஆகிய மூன்று சிற்றூர்களும் சேர்ந்து 1995 டிசம்பரில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. செங்குத்தான வைக்கோல் கூரைவீடுகளின் மேல் வெண்பனி படிந்திருக்கும் அந்த நிழற்படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். (வைக்கோல் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது 'கயா' எனப்படும் நீண்ட மலைப்புல். அந்த வேறுபாடு இக்கட்டுரையில் முக்கியமானது, பின்னர் வருகிறேன்.)

ஒரு சொற்குறிப்பு. தமிழில் 'பனி' என்னும் ஒரு சொல்லே மூடுபனியையும் புல்நுனித் துளியையும் இமயத்தின் உறைந்த நீரையும் குறிக்கிறது. நம் பெரும்பொழுதுகளான முன்பனியும் பின்பனியும் முதலிரண்டையே சுட்டுகின்றன. வானிலிருந்து பஞ்சுபோல் விழுந்து குவிவதை மட்டும் இங்கு வெண்பனி என்று எழுதுகிறேன்.

குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வீசும் வறண்ட குளிர்காற்று, ஒப்பளவில் வெதுவெதுப்பான ஜப்பான் கடலைக் கடக்கையில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு ஹொன்ஷு தீவின் முதுகெலும்பான மலைத்தொடரில் மோதி அவ்வளவையும் கொட்டிவிடுகிறது. அதனால் ஒரே தீவின் இருபுறமும் இரு வேறு குளிர்காலங்கள் நிலவுகின்றன. தோக்கியோ பக்கம் தெளிந்த நீலவானம்; ஜப்பான் கடல் பக்கம் வாரக்கணக்கில் இருண்ட வானம். ஷோ பள்ளத்தாக்கில் டிசம்பரில் படியும் வெண்பனி ஏப்ரல் வரை கிடக்கும். இரண்டு மீட்டர் ஆழம் அங்கு வியப்புக்குரியதன்று. 2006 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஷிராகவாவில் ஆழம் மூன்று மீட்டரை நெருங்கியது. கீழ்த்தளம் முழுவதும் புதைந்துபோக, மேல்தளங்களின் முக்கோண முகப்புச் சாளரங்கள் வழியே மட்டும் வெளிச்சம் வரும் மாதங்கள் அவை.

இந்த முரணை உள்ளிருந்தே எழுதியவர் ஒருவர் உண்டு. எச்சிகோ நாட்டு ஷியோசாவாவைச் சேர்ந்த சுசுகி பொகுஷி என்னும் துணி வணிகர், 'ஹொகுஎத்சு செப்பு' என்னும் நூலை 1837 இல் வெளியிடத் தொடங்கினார். ஒரு சாண் பனி விழுந்தவுடன் மதுக்கிண்ணத்தோடும் கவிதையோடும் அமரும் வெதுவெதுப்பான நாட்டாருக்கு, ஆண்டுதோறும் அதனுள் புதைந்து கிடப்போரின் நிலை விளங்காது என்பது அவர் நூலின் அடியோட்டம். அவர் ஷோ பள்ளத்தாக்கினர் அல்லர். ஆயினும் அதே வெண்பனி நாட்டின் குரல் அது. நூல் எதோவில் பரபரப்பாக விற்றது. வெண்பனியைப் பார்த்திராத வாசகர்களுக்கு அது அயல்நாட்டுப் பயணநூல் போல் இருந்திருக்க வேண்டும்.

நாள்காட்டிக்கு வருவோம். ஆண்டை 24 சூரியப் பகுதிகளாகவும் 72 நுண்பருவங்களாகவும் பகுக்கும் முறை மஞ்சளாற்றுச் சமவெளியில் உருவானது. சீனாவின் சுவான்மிங் நாள்காட்டியை ஜப்பான் 862 முதல் எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் திருத்தமின்றிப் பயன்படுத்தியது. 1685 இல் நடைமுறைக்கு வந்த ஜோக்யோ நாள்காட்டியே ஜப்பானியர் ஒருவர் கணித்தது. அதை வகுத்த ஷிபுகாவா ஷுங்காய், 72 நுண்பருவங்களின் பெயர்களையும் ஜப்பானியச் சூழலுக்கேற்ப மாற்றியமைத்தார். அதற்கு முன்னரே உழவர்களுக்குத் தேவையான சில நாள்கள் தனியாகச் சேர்க்கப்பட்டிருந்தன: வசந்தத் தொடக்கத்திலிருந்து எண்ணி 88 ஆம் இரவு, கடைசி உறைபனி அச்சம் நீங்கும் காலம், 210 ஆம் நாள், சூறாவளிக்கு அஞ்ச வேண்டிய காலம்.

ஆனால் அந்த எண்ணிக்கை தொடங்கும் நாளைப் பாருங்கள். 'ரிஷ்ஷுன்', அதாவது வசந்தம் நிற்கும் நாள், பெப்ரவரி 4 ஐ ஒட்டி வருகிறது. கிழக்குக் காற்று பனிக்கட்டியை உருக்குவதாக நாள்காட்டி அறிவிக்கும் அந்த வாரம், ஷிராகவாவில் வெண்பனி ஏறத்தாழ அதன் உச்ச ஆழத்தைத் தொடும் வாரம். சொல் 'வசந்தம்' என்கிறது. கூரை மேல் மூன்றாம் முறையாக ஆள் ஏற வேண்டியிருக்கிறது. மொழியியல் மாணவனாக எனக்கு இது வெறும் முரணாகத் தோன்றவில்லை. ஒரு சொல்லின் பொருளை எந்த நிலப்பகுதி தீர்மானிக்கிறது என்பது அதிகாரம் பற்றிய கேள்வி.

1872 இறுதியில் மெய்ஜி அரசு இன்னொரு கத்தரியைப் போட்டது. பழைய கணக்கில் பன்னிரண்டாம் மாதத்தின் மூன்றாம் நாளாக இருக்க வேண்டியது, 1873 ஜனவரி 1 ஆயிற்று. மூன்று வார முன்னறிவிப்பே தரப்பட்டது. நவீனமயமாதல் என்பது சொல்லப்பட்ட காரணம்; கருவூலம் வறண்டிருந்தது சொல்லப்படாத காரணம். பழைய கணக்குப்படி 1873 இல் மிகைமாதம் ஒன்று வரவிருந்தது. பதின்மூன்று மாதச் சம்பளம் தர வேண்டும். புதிய கணக்கில் அதுவும் மிச்சம், இரண்டே நாள்களாகக் குறுகிப்போன பன்னிரண்டாம் மாதச் சம்பளமும் மிச்சம். புத்தாண்டு நடுக்குளிருக்கு இடம்பெயர்ந்தது. சொல் மட்டும் பெயரவில்லை: இன்றும் ஜனவரி முதல் நாள் வாழ்த்து அட்டைகளில் 'புது வசந்தம்' என்றே அச்சிடப்படுகிறது.

வெண்பனி நாட்டினர் அச்சிட்ட நாள்காட்டியை முழுமையாக நம்பவில்லை. மலையைப் பார்த்தனர். உருகும் காலத்தில் மலைச்சரிவில் எஞ்சும் வெண்மையும் வெளிப்படும் பாறையும் சேர்ந்து காட்டும் உருவங்களுக்கு 'யுகிகதா', பனியுரு, என்று பெயர். இன்ன உருவம் தெரிந்தால் இன்ன வேலை. ஹிதா மலைத்தொடரின் கிழக்குப் பக்கம், நாகனோ மாவட்டத்தில், ஒரு சிகரத்தில் குதிரை உருவம் தோன்றும். அது நாற்று நடுமுன் வயலைச் சேறடிக்கும் வேலைக்கான அறிகுறி. அவ்வேலைக்கு 'ஷிரோகாகி' என்று பெயர்; ஆகவே குதிரை 'ஷிரோ-உமா', சேறடிக்கும் குதிரை. சிகரத்துக்கும் அதுவே பெயராயிற்று. பின்னர் அப்பெயரை எழுத்தில் பொறித்தபோது ஒலியொப்புமையால் 'வெண்குதிரை' என்னும் எழுத்துகள் இடப்பட்டன. 1956 இல் உருவான சிற்றூராட்சி அந்த எழுத்துகளைச் சீன ஒலிப்பில் படித்து 'ஹகுபா' என்று பெயர் சூட்டிக்கொண்டது. 1998 குளிர்கால ஒலிம்பிக்கின் பனிச்சறுக்குப் போட்டிகள் சில அங்கு நடந்தன. சிகரத்தில் தோன்றும் குதிரை பனி உருகிய பாறையால் ஆனது. அதாவது அது கருங்குதிரை. உழவு வேலையின் பெயர் எழுத்தின் வழியே அழகின் பெயராக உருமாறியதற்கு இதைவிடத் துலக்கமான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

ஷோ பள்ளத்தாக்கின் ஆண்டு நிலம் கண்ணில் படும் நாளில் தொடங்கியது. சமநிலம் மிகக் குறைவு. இன்று படங்களில் வீடுகளிடையே பளபளக்கும் நெல்வயல்கள் பெரும்பாலும் பிற்காலத்தவை. பழைய உணவு மலைச்சரிவில் காட்டை வெட்டி எரித்து விதைத்த குதிரைவாலி, தினை, சொபா என்னும் பக்வீட், அவரையினங்கள். சில ஆண்டுகள் விளைவித்தபின் சரிவைக் காட்டுக்கே திருப்பிவிட்டு வேறு சரிவுக்குச் செல்வர். தினைப்புனம் என்றவுடன் நம் நெஞ்சில் எழும் குறிஞ்சிக் காட்சியை ஒரு கணம் ஒதுக்கி வைப்போம். இங்கு விளைச்சல் காலம் குறுகியது. அக்டோபர் கடைசிக்குள் எல்லாம் வீட்டுக்குள் வந்தாக வேண்டும்.

அதற்கு நடுவே பட்டுப்புழு. வரி கட்டவும், உப்பும் அரிசியும் வாங்கவும் பணம் தேவை. மலையில் பணமாகக்கூடியவை பட்டு, வெடியுப்பு, கைக்காகிதம் ஆகியவையே. கொகாயாமா மக்களுக்கு ஜோஹனா, இனாமி ஆகிய அடிவார நகர வணிகர்கள் முன்கூட்டியே அரிசியும் பணமும் கடனாகத் தந்து பின்னர் பொருளாகக் கழித்துக்கொண்டனர். ஆகவே இங்கு கோடை என்பது முதலில் கடன் தீர்க்கும் காலம். புகழ்பெற்ற அந்தக் கூரைவீடுகள் ஏன் அவ்வளவு உயரம் என்ற கேள்விக்கும் விடை இதுவே. கூரைச்சாய்வு ஏறத்தாழ அறுபது பாகை. வெண்பனி வழுக்கிவிழ அது உதவுகிறது என்பது உண்மை. ஆனால் அச்சாய்வுக்குள் இரண்டு மூன்று மாடிகள் கிடைக்கின்றன, அங்கெல்லாம் புழுத்தட்டுகள். கீழே தரையில் பதித்த 'இரோரி' கணப்பு ஆண்டு முழுவதும் எரியும். இடைவெளிவிட்டுப் பரப்பிய மாடித்தளங்கள் வழியே வெப்பமும் புகையும் ஏறி, புழுவுக்குக் கதகதப்பையும், கூரைப்புல்லுக்கும் கட்டுக்கயிறுக்கும் பூச்சியரிப்பிலிருந்து காப்பையும் தந்தன. மனிதர் கீழே, புழு மேலே. மல்பெரி இலை பறிக்கும் வாரங்களில் வீட்டில் கை எத்தனை இருந்தாலும் போதாது.

அந்தக் கைகளின் வரலாறு இனிமையானதன்று. ஷிராகவாவின் நகாகிரி பகுதியில் ஒரே வீட்டில் முப்பது, நாற்பது பேர் வாழ்ந்தனர். வீட்டின் மூத்த மகன் மட்டுமே மனைவியை வீட்டுக்கு அழைத்துவரலாம். இளையவர்கள் இரவில் பெண் வீட்டுக்குச் சென்று வருவர். பிறக்கும் குழந்தை தாய்வீட்டிலேயே தாய்மாமன்களோடு வளரும். மெய்ஜி கால அறிஞர்கள் இதைப் பண்டைத் தாய்வழிச் சமூகத்தின் எச்சம் என்று ஆர்வத்தோடு எழுதினர். பிரித்துக் கொடுக்க நிலமில்லாத இடத்தில், உழைப்பாளர் வீட்டைவிட்டு வெளியேறாதிருக்கச் செய்த ஏற்பாடு என்ற விளக்கமே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. ஒரு இளைய மகனுக்கு வசந்தம், கோடை என்பனவெல்லாம் அண்ணனின் பட்டுக்காக இலை சுமக்கும் மாதங்கள்.

இவ்வீடுகளின் கணப்புக்கு அருகே, தரைப்பலகைக்கு அடியில், இன்னொரு பருவம் நடந்துகொண்டிருந்தது. அது ஓராண்டில் முடியாத பருவம்.

வெடிமருந்தின் முக்கால் பங்கு வெடியுப்பு. 17, 18 ஆம் நூற்றாண்டுகளில் உலகச் சந்தைக்கு அதைப் பெருமளவில் அளித்தது நம் பீகார். பாட்னாவைச் சுற்றி நோனியா சமூகத்தினர், மழைக்காலம் முடிந்து வறண்ட மாதங்களில் பழைய குடியிருப்பு மண்ணில் பூக்கும் உப்பைச் சுரண்டிக் கரைத்துக் காய்ச்சினர். டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் போட்டியிட்டு வாங்கினர். அங்கு வேலையைப் பருவமே செய்தது: கழிவு ஊறிய மண், பின் நீண்ட வறட்சி. ஜப்பானில் அப்படியொரு வறட்சி இல்லை. திறந்தவெளி மண்ணில் நைட்ரேட் உருவானாலும் மழையும் உருகும் பனியும் அதைக் கழுவிச் சென்றுவிடும். ஆகவே கொகாயாமா மக்கள் கூரைக்கு அடியில் ஒரு செயற்கை வறட்சியை உருவாக்கினர். கணப்பின் இருபுறமும் ஆள்மட்டப் பள்ளம் தோண்டி, மண், பட்டுப்புழு எச்சம், மாசிபத்திரி இனச் செடிகள், சொபாத் தண்டு ஆகியவற்றை அடுக்கடுக்காக நிரப்பினர். கணப்பின் சூடு குளிர்காலத்திலும் மண்ணை உறையவிடாது, நுண்ணுயிர்கள் ஓய்வெடுக்கா. ஆண்டுதோறும் கிளறிப் புதிய செடிகளைச் சேர்ப்பர். நான்கைந்து ஆண்டுகளுக்குப் பிறகே அம்மண் பயன்படும் நிலைக்கு வரும். வெளியே வெண்பனி மூடிய மாதங்களில் மண்ணைத் தோண்டியெடுத்து நீர்விட்டு வடித்து, மரச்சாம்பலோடு சேர்த்துக் காய்ச்சிப் படிகமாக்குவர். நுண்ணுயிரியல் என்ற துறை பிறப்பதற்கு முன்பே நடந்த நுண்ணுயிர்த் தொழில் இது.

17 ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் காகா அரசு இதை வாங்கியது, மறைவாகவும் வைத்துக்கொண்டது. ஆற்றின் மேல் பாலம் கட்ட விடவில்லை. கயிற்றில் தொங்கும் கூடையிலேறியே கடக்க வேண்டும். அரசு தன் குற்றவாளிகளை நாடுகடத்திய இடமும் இதுவே. வெண்பனி ஊரைத் தனிமைப்படுத்தியது என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதுகின்றன. வெண்பனிக்குத் துணையாக ஓர் அரசும் இருந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

குளிர்காலத்தின் மற்ற வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். கொகாயாமாவில் காகிதத்துக்கான 'கொசோ' மரப்பட்டையைப் பெப்ரவரி வெயிலில் வெண்பனிமேல் விரித்து வெளுப்பாக்குவர். தடையாக இருந்த அதே பொருள் இங்கு வெளுக்கும் கருவி. ஷிராகவாவில் வீடுவீடாக நடக்கும் பௌத்த நினைவு வழிபாடு, ஷின்ரான் அடிகளுக்குரியது, உள்ளூர்ப் பேச்சில் 'ஹோன்கோசமா'. நூல்வழக்கில் 'ஹோஒன்கோ' என்னும் கனத்த பௌத்தக் கலைச்சொல், ஊர்வாயில் சுருங்கி 'சமா' என்னும் மரியாதை விகுதி பெற்று ஏறத்தாழ ஒரு விருந்தினரின் பெயராகிவிட்டது. அண்டைவீட்டார் கூடுவர், ஓதுவர், உண்பர். ஒகிமாச்சி ஹச்சிமான் கோயிலில் ஜனவரியில் ஊறப்போடப்படும் வடிக்காத அரிசிமது, 'தொபுரோகு', அக்டோபர் 14, 15 திருவிழாவில் பரிமாறப்படுகிறது. குளிர்காலம் இலையுதிர்காலத்துக்கு அனுப்பி வைக்கும் பொருள் என்று அதைச் சொல்லலாம்.

கூரை வேய்தல்தான் இந்த ஆண்டுச்சக்கரத்தின் அச்சு. ஒரு கூரை முப்பது, நாற்பது ஆண்டுகள் தாங்கும். கயா புல்லை இலையுதிர்காலத்தின் இறுதியில், முதல் வெண்பனிக்கு முன் அறுத்து, உலர்த்திச் சேமிப்பர். பனி உருகிய பின், வசந்தத்தில், நூறு இருநூறு பேர் கூடி ஒரு சாய்வை ஓரிரு நாளில் வேய்ந்து முடிப்பர். கைமரங்களை இணைக்க ஆணி கிடையாது. வைக்கோற்கயிறும், முறுக்கிப் பிழிந்த இளங்கொம்பான 'நெசோ'வும் கட்டும். கொம்பு உலர உலரக் கட்டு இறுகும். இந்தக் கூட்டு உழைப்புக்குப் பெயர் 'யூய்'. 'யூ' என்றால் கட்டு, முடி என்னும் வினை. கூரையைக் கட்டுவதும் ஆளை ஆளோடு கட்டுவதும் ஒரே வேரின் பொருள்கள். இன்னார் இத்தனை கட்டுப் புல், இத்தனை கயிறு, இத்தனை நாள் உழைப்பு என்று 'யூய்-சோ' என்னும் ஏட்டில் குறிப்பர். நம் மொய் நோட்டை அறிந்தவர்களுக்கு அதன் அழுத்தத்தை விளக்க வேண்டியதில்லை. பாட்டன் வாங்கியதைப் பேரன் திருப்பித் தரும் கணக்கு அது. முப்பதாண்டுக்கு ஒருமுறை வரும் இந்த நாளும் ஒரு பருவமே. 72 நுண்பருவங்களில் மட்டும் அது இல்லை.

இந்த ஆண்டுச்சக்கரம் எப்படி உடைந்தது என்பதைச் சுருக்கமாகவே சொல்ல முடியும், ஏனெனில் விரைவாகவே உடைந்தது. மெய்ஜி காலத்தில் சிலியிலிருந்து மலிவான வெடியுப்பு வந்தவுடன் தரைக்கடிப் பள்ளங்கள் பயனற்றன. 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பட்டும் வீழ்ந்தது. ஆற்றில் அணைகள் எழுந்தன. ஷோ ஆற்றின் மேற்பகுதியில் 1957 இல் தொடங்கி 1961 இல் முடிந்த மிபோரோ அணை, ஷோகாவா ஊரின் ஏறத்தாழ 230 குடும்பங்களின் இருப்பிடத்தை மூழ்கடித்தது. ஷிராகவா ஊராட்சியில் 1924 அளவில் ஏறத்தாழ 300 இருந்த பெருங்கூரை வீடுகள் 1961 இல் 190 ஆயின.

மூழ்கவிருந்த வீடுகளுள் ஒன்றான யானோஹாரா இல்லம் 1960 இல் பிரிக்கப்பட்டு யோகோஹாமாவின் சாங்கெய்-என் தோட்டத்தில் மீண்டும் எழுப்பப்பட்டது. அத்தோட்டத்தை உருவாக்கியவர் ஹரா தொமிதாரோ. செல்வம் முழுவதும் பட்டு வணிகத்தில் வந்தது. தொமியோகா பட்டாலையும் 1902 முதல் அவர் குடும்ப நிறுவனத்துக்கு உரியதாக இருந்தது. மலைவீடுகளின் மாடியில் இலை தின்ற புழுவின் நூல் துறைமுகம் வழியே வெளிநாடு சென்றது. துறைமுக வணிகர் அதன் இலாபத்தில் தோட்டம் அமைத்தார். அரை நூற்றாண்டுக்குப் பின் வீடே நூலின் வழியைப் பின்தொடர்ந்து அத்தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கு வசந்தத்தில் செர்ரியும் இலையுதிர்காலத்தில் மேப்பிளும் பார்க்க மக்கள் வருகின்றனர், கொகின்ஷூவின் பருவங்கள்.

மேலே மூழ்கிய ஊரில் இரண்டு கோயில்களில் நானூறு ஆண்டைக் கடந்த இரு செர்ரி மரங்கள் நின்றன. அணை கட்டிய மின்வள மேம்பாட்டு நிறுவனத்தின் முதல் தலைவர் தகாசாகி தாத்சுனொசுகே அவற்றைக் காப்பாற்ற விரும்பினார். செர்ரி ஆய்வாளர் சசாபே ஷிந்தாரோவின் வழிகாட்டலில் 1960 இன் இறுதியில் இரு மரங்களும் வேரோடு பெயர்க்கப்பட்டு, நீர்மட்டத்துக்கு மேலே நடப்பட்டன. கிளைகளைப் பெரும்பாலும் வெட்டித்தான் ஏற்ற முடிந்தது. அடுத்த வசந்தத்தில் துளிர்த்தன. இன்றும் ஏப்ரல் இறுதி, மே தொடக்கத்தில் பூக்கின்றன. ஊரைவிட்டுச் சிதறிய மக்கள் பூக்கும் காலத்தில் அங்கு கூடினர். ஜப்பானில் செர்ரிப் பூ பார்ப்பது குறித்து எவ்வளவோ எழுதப்பட்டுள்ளது. அவற்றுள் எனக்கு மிக முக்கியமான பூப்பார்வை இது. ஆனால் இது எந்த அரசவைத் தொகையின் மரபிலும் அடங்காது.

கீழ்ப்பகுதியில் எஞ்சிய ஒகிமாச்சி மக்கள் 1971 இல் ஒரு சங்கம் அமைத்து மூன்று விதிகளை ஏற்றனர்: விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை. 1976 இல் அரசு அவ்வூரைப் பாதுகாக்கப்பட்ட மரபுக் கட்டடத் தொகுதியாக ஏற்றது. ஜெர்மானியக் கட்டடக்கலைஞர் புரூனோ டௌட் 1935 இல் இங்கு வந்து, இக்கூரைகளின் தர்க்கபூர்வமான அமைப்பைப் புகழ்ந்து எழுதியிருந்தார்; அப்புகழ் பிற்காலத்தில் நன்கு உதவியது. அவர் பார்த்தது கட்டமைப்பை. அக்கட்டமைப்பைத் தேவையாக்கிய புழுவையும் உப்பையும் கடனையும் பட்டியலிடும் வழக்கம் பாரம்பரிய ஆவணங்களில் அருகிக் காணப்படுகிறது. படங்களில் அறவே இல்லை.

இப்போது அங்கு வேறு நாள்காட்டி. 1986 முதல் ஜனவரி, பெப்ரவரியின் சில மாலைகளில் வீடுகள்மேல் விளக்கொளி பாய்ச்சுகின்றனர். கூட்டம் மிகுந்ததால் 2019 முதல் முன்பதிவு செய்தவர்க்கே அனுமதி. சில நூறு பேர் வாழும் ஓர் ஊருக்கு ஆண்டுக்குப் பதினைந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகின்றனர். 2008 இல் விரைவுச்சாலை முழுமையடைந்தபின் பலர் சில மணி நேரமே தங்குகின்றனர். கையேடுகள் ஊரை நான்கு படங்களாகக் காட்டுகின்றன: செர்ரி, பசுமை, செவ்விலை, வெண்பனி. அரசவை வகுத்த நான்கு பருவங்கள், அவற்றை ஒருபோதும் பின்பற்றாத ஊருக்கு ஆயிரம் ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்துள்ளன. அதிலும் ஒரு தலைகீழ் மாற்றம்: அன்று 29 பாடல்களோடு ஒதுக்கப்பட்ட குளிர்காலமே இன்று விலை மிகுந்த படம். இதைச் சிதைவு என்று புலம்பும் எழுத்து எனக்கு உடன்பாடில்லை. விடுதி நடத்திக் கூரை வேயும் குடும்பத்துக்கு அதுவும் ஒரு பட்டுப்புழுதான்.

ஆயினும் ஆய்வாளர்கள் கவலைப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. கியோத்தோவின் செர்ரி மலர்ந்த நாள்களை அரசவை நாட்குறிப்புகளிலிருந்து தொகுத்து ஆவோனோ யசுயுகி உருவாக்கிய வரிசை ஆயிரத்து இருநூறு ஆண்டுகளைத் தழுவியது. அவ்வரிசையில் 2021 மார்ச் 26 மிக முந்திய முழுமலர்ச்சி நாளாக அமைந்தபோது உலகச் செய்தியானது. அதே 2021 இல் ஜப்பானிய வானிலை முகமை, நெடுங்காலமாகச் செய்துவந்த உயிரினப் பருவக் கண்காணிப்பைக் குறைத்தது. விலங்கு, பறவை, பூச்சிகள் பற்றிய பதிவுகள் அனைத்தும் நின்றன. செர்ரி, மேப்பிள் முதலிய ஆறு வகைத் தாவரங்கள் மட்டும் எஞ்சின. எஞ்சியவற்றைப் பாருங்கள்: பெரும்பாலும் கவிதைத் தொகையில் இடம்பெற்ற தாவரங்கள். எதைப் பருவம் என்று முன்னரே பெயரிட்டுள்ளோமோ அதற்கே தரவு கிடைக்கிறது. பனியுரு, மல்பெரித் துளிர், கயா அறுக்கும் நாள் ஆகியவற்றுக்கு வட்டாரச் சொற்களே ஆவணம். அவற்றைப் பேசிய தலைமுறை முதுமையடைந்துவிட்டது.

கயா புல்லுக்கே இப்போது நெருக்கடி. ஆண்டுதோறும் அறுத்தால்தான் புல்வெளி புல்வெளியாக இருக்கும், விட்டால் காடாகிவிடும். ஊர்ப் புல்வெளிகள் சுருங்கியதால் வெளி மாவட்டப் புல் வாங்கப்படுகிறது. புல்வெளிகளை மீட்கும் முயற்சிகளும் நடக்கின்றன. அறுக்கும் காலம் மட்டும் மாறவில்லை. அக்டோபர் கடைசி, நவம்பர். அதையொட்டியே வீடுகளைச் சுற்றிப் பனித்தடுப்பு கட்டுவர். ஊர் முழுதும் நிறுவப்பட்ட தீயணைப்பு நீர்ப்பீரங்கிகளை ஒரே நேரத்தில் திறந்து சோதிப்பர். உலர்ந்த புல்லும் புகையேறிய கயிறும் கொண்ட ஊரில் ஒரு பொறி போதும். ஆகவே ஒகிமாச்சியில் தீக்காவல் முறைவீடுகளுக்கு ஓய்வுநாள் இல்லை. கோடையானாலும் இரண்டு மீட்டர் வெண்பனியானாலும் முறைக்காரர் ஊரைச் சுற்றி எச்சரித்து வருவார். சுற்று முடிந்ததும் முறைப்பலகை அடுத்த வீட்டுக்குச் செல்லும்.